கிளியரன்ஸ் வந்த சனிக்கிழமை

மாமா முதன்முதலாக வாங்கிய காருக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. அதைத்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவார். ரொறன்ரோக் குளிரில் ஊரெல்லாம் தங்கள் காருக்குள் தண்ணீர் உறைந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருக்க, தன்னுடையதில் உறைவதற்கு ஒன்றுமே இல்லை என்பார். காற்றுப் பட்டே ஆறுகிற எஞ்சின். அதுவும் முன்னால் அல்ல, பின்னால், மற்றக் கார்களில் சாமான் வைக்கிற இடத்தில் இருந்தது. உருண்ட முதுகு. கதவின் அடிப்பக்கத்தை வீதி உப்புத் தின்று, உள்ளே இருந்தபடியே ரோட்டைப் பார்க்கலாம். அம்மா அதற்கு ஆமைக்கார் என்று பெயர் வைத்தார். ஹீற்றர் என்று ஏதோ இருந்தது. ஆனாலும் ஒஷாவாவில் வேலைத்தலத்து வாசலில் இறங்கும்வரை மாமா கம்பளித் தொப்பியைக் கழற்றியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் நாங்கள் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியாகிய மாமா. எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா கல்யாணம் முடித்த சூட்டோடு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர். மாமி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒற்றை அறையில் காத்திருந்தார். மாமாவுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்தால்தான் மாமியைக் கூப்பிடலாம். எல்லாம் முடிந்து கடைசியாக வரவேண்டியிருந்தது, அவர் ஆபத்தான ஆள் இல்லை என்று பாதுகாப்புப் பகுதியினர் கொடுக்கும் ஒப்புதல். அதற்கு யாரும் தமிழில் பெயர் வைக்கவில்லை. கிளியரன்ஸ் என்றே சொன்னார்கள்.

எங்கள் கட்டடத்தில் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. எலிவேற்றருக்குள் ஏறினால், சுகம் விசாரிக்கும் முன்பே “கிளியரன்ஸ் வந்திட்டுதோ?” என்பார்கள். வந்தவர்கள் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். வராதவர்கள் அந்தக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்து தங்கள் தபால்பெட்டியை இன்னொரு தரம் திறந்து பார்ப்பார்கள். மாமா அப்படித் திறந்து பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனிக் காருக்கு வருகிறேன். எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் போகவும் புகை வெளியே வரவும் சின்னஞ்சிறு கதவுகள் உண்டு. அவைதான் வால்வ். அந்தக் கதவுக்கும் அதை உதைத்துத் திறக்கிற தண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் எஞ்சின் டக்கு டக்கென்று தட்டும். இல்லாமற் போனால் சத்தமே வராது, ஆனால் கதவு முழுதாகச் சாத்தாமல் சூட்டில் எரிந்துபோகும். அந்தப் பழைய எஞ்சின்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த இடைவெளியைத் திருத்தியே ஆக வேண்டும். ஊரில் அதற்கு ‘டப்பெற் செற் பண்ணுறது’ என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக இருந்தவர். பெரிய அதிகாரிகளின் இங்கிலீஷ் கடிதங்களைத் தானே திருத்திக் கொடுத்ததாக அடிக்கடி சொல்லுவார். காரைத் திருத்துவதையும் அவர் நூல்நிலையத்தில் இரவல் எடுத்த புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டார்.

“டப்பெற் எண்டு சொல்லாதையடா. புத்தகத்திலை என்ன கிடக்கு? வால்வ் கிளியரன்ஸ். இங்கிலீஷ் நாட்டுக்கு வந்திருக்கிறம், ஒழுங்கான சொல்லைச் சொல்லிப் பழகு.”

நான் பழகிக்கொண்டேன்.

எஞ்சின் இரவு முழுக்க ஆறிக் குளிர்ந்தால்தான் அளவு சரிவரும் என்று புத்தகம் சொன்னதால், சனிக்கிழமை காலையில் கார் நிறுத்துமிடத்தில் வேலையைத் தொடங்கினோம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமா பின்சக்கரத்தடியில் பழைய சாரத்தை விரித்துப் படுத்தார். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த தகர மூடியை ஒரு வளைந்த கம்பி இறுக்கிப் பிடித்திருந்தது. அதைத் திருப்புளியால் நெம்பியதும் கறுத்த ஒயில் வடிந்து முழங்கைவரை போனது. விசிறிபோல விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகளில் ஒன்றை எடுத்து அந்த இடைவெளிக்குள் விட்டு இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வரக்கூடாது, சிக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது. சின்னதாக ஒரு பிடி இருக்க வேண்டும். அளவு சரி என்று நட்டை இறுக்கினால் நட்டோடு இடைவெளியை வைக்கிற திருகும் சேர்ந்து சுற்றி அளவு மாறிவிடும். திரும்பவும் முதலிலிருந்து. கச்சேரி இங்கிலீஷில் அவர் அந்த நட்டை ஏசியது இன்னும் காதில் நிற்கிறது.

என் வேலை பின்னால் நின்று எஞ்சினைக் கையால் சுற்றுவது. ஒரு சிலிண்டர் முடிந்ததும் ஸ்பானரைப் போட்டு எஞ்சினின் பின்முனைச் சில்லை அரைச் சுற்று, இடப்பக்கமாக, மறந்தும் வலப்பக்கமாக அல்ல, சுற்றிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடி நிற்கும்.

ஒரு பக்கம் முடிந்தது. “கிளியரன்ஸ் சரி. ஓடிப்போய் மேலை கிடக்கிற பழைய பெனியன் ஒண்டு எடுத்துக்கொண்டு வா” என்றார் மாமா. நான் மேலே போய்க் கதவைத் திறக்கவும் ரெலிபோன் அடிக்கவும் சரியாக இருந்தது.

மாமிதான். சில சனிக்கிழமைகளில் லொட்ஜுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ரெலிபோன் எடுப்பார். அங்கே பின்னேரம்.

“ஆர், ராசாவோ? மாமா எங்கை?”

“கீழை மாமி. காரடியிலை. கிளியரன்ஸ்...”

அந்தக் காலத்து லைனில் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் சுணங்கும். நான் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய குரல் குறுக்கே வந்து விழுந்தது.

“என்ன? கிளியரன்ஸோ? சரிவந்திட்டுதோ?”

“ஓம் மாமி. கிளியரன்ஸ் சரியாம். இப்பதான் மாமா சொன்னவர்.”

இதுவரை நான் குற்றமற்றவன். அவர் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு மாமி அழுவது கேட்டது. அழுதுகொண்டே பக்கத்தில் நின்ற யாருக்கோ, “அக்கா, இவருக்குக் கிளியரன்ஸ் வந்திட்டுதாம்!” என்றார். அப்போது எனக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது. ‘இல்லை மாமி, காரின்ர கிளியரன்ஸ்’ என்றால் முடிந்திருக்கும். அதைச் சொல்ல நேரமும் இருந்தது.

“என்ர குஞ்சு, உன்ர வாய்க்குச் சீனி போடோணும்” என்றார் மாமி.

அதுவரை எந்தப் பெரியவரும் என்னால் சந்தோஷப்பட்டு அழுததில்லை. நான் பேசாமல் நின்றேன். லைன் அறுந்தது.

பெனியனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆரும் எடுத்ததோ என்று கேட்டார் மாமா. மாமி எடுத்தவா, சும்மாதான், பிறகு எடுப்பாவாம் என்றேன்.

பிறகு மற்றப் பக்கம் தொடங்கியது. என் மனம் சில்லில் இல்லை. ஸ்பானரைப் போட்டு வலப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றில் சில்லின் அடையாளப் புள்ளி எப்படியும் நேரே வந்து நிற்கும் என்பதால் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மாமா கீழேயிருந்து, “என்னடா இது, தகடே போகாமல் இப்பிடி இறுகிக் கிடக்கு” என்று வியந்தார். அரைவாசி திறந்து நின்ற வால்வை மூடியிருக்கிற வால்வு என்று நம்பித் திருகைத் தளர்த்தினார், தளர்த்தினார். எல்லாம் பூட்டி எஞ்சினை இயக்கியதும் கொல்லன் பட்டறைபோல ஒரு சத்தம். பல்கனிகளில் தலைகள் தெரிந்தன.

“நீ எந்தப் பக்கம் சுத்தினனீ?”

நான் கையால் காட்டினேன். மாமா கையில் இருந்த பெனியனால் முகத்தைத் துடைத்தார். அதில் ஒயில் இருந்ததை மறந்துவிட்டார். எஞ்சின் சூடேறிவிட்டதால் இனி ஞாயிறு காலைதான். திங்கட்கிழமை அவர் ஒஷாவாவுக்குப் போயே ஆக வேண்டும்.

ஞாயிறு காலையும் மாமா அதே சாரத்தில் படுத்திருந்தபோது, ஐந்தாம் மாடி அன்ரி கையில் மூடிய தட்டோடு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். அவருடைய தங்கையும் மாமி இருந்த லொட்ஜிலேயே இருந்தார்.

“என்ன தம்பி, கிளியரன்ஸ் எண்டு கேள்விப்பட்டன். ஒருத்தருக்கும் சொல்லாமல் காருக்குக் கீழை போய் ஒளிச்சிருக்கிறியள்?”

மாமா கீழேயிருந்தபடியே பதில் சொன்னார். “அதையேன் கேக்கிறியள் அக்கா. ஒரு பக்கம்தான் சரிவந்தது. மற்றப் பக்கம் நேற்றுப் பிழைச்சுப் போச்சு.”

“ஐயோ! ஆரின்ர பக்கம் பிழைச்சது? அந்தப் பிள்ளைக்கோ?”

“எந்தப் பிள்ளைக்கு? இவன்தான் மாறிச் சுத்திப்போட்டான்.”

அன்ரி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். கேசரி மணத்தது.

“அப்ப கொழும்பிலை அந்தப் பிள்ளை வீணாய் வெளிக்கிடப்போகுதே! அறையைத் திருப்பித் தாறன் எண்டு லொட்ஜ் முதலாளிக்குச் சொல்லிப்போட்டுதாம். விடிய வவுனியா பஸ். கனடாவுக்கு வாறதுக்கு முதல் தாய் தேப்பனை ஒருக்காப் பாத்திட்டு வரப்போகுதாம், கிளாலியாலை. தங்கச்சிதான் எடுத்துச் சொன்னவள்.”

மாமா எழும்பிய வேகத்தில் தலை காரில் இடித்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. கிளாலிக் கடலை இரவில், வெளிச்சமில்லாத வள்ளத்தில் தாண்ட வேண்டும். தாண்டும்போது கடற்படை சுடும். போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வரப் பாஸ் கிடைக்குமோ தெரியாது. கொழும்பில் விட்ட அறை இன்னொருமுறை கிடைக்காது. இவ்வளவும் எனக்கே தெரிந்திருந்தது. பெரியவர்கள் வேறு எதைப் பற்றியும் கதைப்பதில்லை.

“நீ மாமிக்கு என்னடா சொன்னனீ?” என்று கேட்டார். உரத்துக்கூடக் கேட்கவில்லை.

சொன்னேன். மாமா படிக்கட்டால் ஓடினார், எலிவேற்றருக்கும் நிற்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். சமையலறையில் ரெலிபோனை எடுத்து லொட்ஜ் எண்ணைச் சுழற்றினார். கிடைக்கவில்லை. திரும்பவும் சுழற்றினார். கிடைத்தபோது, முதலாளி எரிச்சலோடு, அந்தப் பிள்ளை பயணத்துக்கு ஏதோ வாங்கக் கடைக்குப் போயிட்டுது என்றார். வைக்காதேங்கோ, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் என்று மாமா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கையிலிருந்த ஒயில் ரெலிபோனில் வழிந்தது. நான் ஃபிறிட்ஜில் சாய்ந்தபடி நின்றேன். இப்போது என் பெயர் வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

மாமி வந்தார்.

“இஞ்சேரும், நீர் ஒரு இடமும் வெளிக்கிடாதேயும். கிளியரன்ஸ் இன்னும் வரேல்லை. நான்தானப்பா பிழை விட்டது. வெள்ளிக்கிழமை இமிகிரேஷன் கந்தோராலை ஒருத்தி எடுத்தவள். அவள் ‘நொட் யெற்’, இன்னும் இல்லை எண்டிருக்கிறாள், எனக்குக் ‘கொட் இற்’, கிடைச்சிட்டுது எண்டு கேட்டிட்டுது. அதைத்தான் பொடியனுக்குச் சொன்னனான். அவனிலை ஒரு பிழையுமில்லை.”

அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா நெடுநேரம் ‘ம்’ கொட்டினார். பிறகு தணிந்த குரலில் தொடர்ந்தார்.

“ஓம், எடுத்தது மெய்தான். ஃபைலை முன்னாலை வைச்சுக்கொண்டுதான் கதைச்சவள். வயசான குரல், நல்ல மனுசி போலை. உம்மடை பேரையும் கேட்டவள். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னவள். ஓமோம், நான் ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னனான், அவள் எழுதினவள்.” எப்படிச் சொன்னார் என்று மாமி கேட்டிருக்க வேண்டும். மாமா மாமியின் பெயரை இங்கிலீஷ் எழுத்துகளில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

மாமி வெளிக்கிடவில்லை. அறையும் போகவில்லை.

ரெலிபோனை வைத்ததும் மாமா அதை என் சட்டை நுனியால் துடைத்தார். நான் அழத் தொடங்கினேன். “அழுதுகொண்டு நிக்காமல் வந்து ஸ்பானரை எடு. இண்டைக்கு எந்தப் பக்கம் எண்டு நான் சொல்லுறன்” என்றார். அவ்வளவுதான். அன்ரி கேசரியைத் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தார். மாமா விடவில்லை. வரப்போகிற கிளியரன்ஸுக்கு முற்பணமாக இருக்கட்டும் என்று தட்டை வாங்கிவைத்தார். மத்தியானம் எஞ்சின் ஒழுங்காக ஓடியது.

உண்மையான கிளியரன்ஸ் வர அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. மாமி ஒரு வசந்த காலத்தில் வந்து இறங்கினார். இறங்கிய அன்றே கதையையும் தொடங்கிவிட்டார். “கச்சேரித் துரைக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு! நொட் யெற் எண்டால் கொட் இற் எண்டு விளங்குவார்.” றிச்மண்ட் ஹில் கோயிலில் யாரையாவது கண்டாலும், பிறந்தநாள் வீடுகளிலும், என் கல்யாண வீட்டிலும்கூட அந்தக் கதை சொல்லப்பட்டது. மாமி நன்றாகக் கதை சொல்லுவார். வருடத்துக்கு வருடம் அது மெருகேறியது. என் பிள்ளைகள் மாமாவை ‘கொட் இற் தாத்தா’ என்றே கூப்பிட்டார்கள். தன் இங்கிலீஷைத் தவிர வேறு எதிலும் கர்வம் இல்லாத மனிதர் அவர். சிரித்துக்கொண்டு, “ஓம், ஓம்” என்று இன்னொரு வடையை எடுத்துக்கொள்வார். அந்த நேரங்களில் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நான் வெட்கப்படக்கூடாது என்பதற்காகவே பார்க்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன். நான் படித்தேன், நல்ல உத்தியோகத்துக்கு வந்தேன், சபையில் எழுந்து பேசவும் பழகினேன். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. எனக்கு விழவேண்டிய சிரிப்பை எல்லாம் எனக்காக வாங்கிக்கொண்டார் என்று மனதுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மாமா இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்த பின்னேரம், மாமியோடு தனியே இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கார், வால்வ், நான் சொன்ன ‘ஓம்’, சொல்லாமல் விட்ட ‘இல்லை’. மாமி ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் பாரம் குறையும் என்றும் இருந்தது.

“அப்ப கந்தோராலை ஒருத்தரும் எடுக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை மாமி.”

அவர் கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தபடி சொன்னார். “லொட்ஜிலை பொலிஸ் வந்து செக் பண்ணுவான். ஐடென்ரிக் காட்டோடை எங்களை வரிசையிலை விடுவான். ஒருக்கா எங்களைப் பிடிச்சுக்கொண்டுபோய் ஸ்ரேசனிலையும் இருத்தினவன். அப்பவெல்லாம் நான் நினைக்கிறது, அங்கை ஒரு மனுசி என்ர பேரை எழுதி வைச்சிருக்கிறாள் எண்டு. என்ர பேர் கனடாவிலை ஒரு மேசையிலை கிடக்குது எண்டு.” பிறகு நிமிர்ந்தார். “எழுத்துக் கூட்டிச் சொன்னனான் எண்டாரேயடா. அதுவும் பொய்யோ?”

என் பாரத்தை இறக்கிவைக்கப் போய் எங்கே வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வாழ்க்கையில் வருந்துகிற காரியங்களில் அந்த ‘ஓம்’ இப்போது முதலாவது அல்ல. இதுதான் முதலாவது.

“அது எனக்குத் தெரியாது மாமி. அவர் உங்களோடை கதைக்கேக்கை நான் கீழை காரடியிலை நிண்டனான். வேறை ஒரு நாள் ஆரும் எடுத்திருப்பினம்” என்றேன்.

“எடுத்திருப்பினம்” என்றார் மாமி. தேத்தண்ணியைக் குடித்தார்.

மாமியும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். மாமாவுக்கு நான் பட்ட நன்றிக்கடன் குறையவில்லை. ஆனால் எதற்காக என்பதை இத்தனை காலமும் பிழையாக விளங்கியிருந்தேன். ஃபிறிட்ஜில் சாய்ந்து நின்ற அந்தப் பையன், மாமா தன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார் என்று நம்பினான். அதற்கு ‘அவனிலை ஒரு பிழையுமில்லை’ என்ற ஒரு வரி போதுமே. அதைச் சொல்லி முடித்த பிறகும் இந்த மனிதர் ஏன் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒரு கிழவிக்குச் சொன்னதாக, மாமியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார் என்று அவனுக்கு அலுப்பாக இருந்தது.